300 எம்பிபிஎஸ் வீட்டுக் கடைமடைக்கு எட்டுமா?

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் நெல் விலைக்கு அடுத்தபடியாக இப்போது அடிபடும் கேள்வி, "வீட்ல நெட் எத்தனை எம்பிபிஎஸ் போட்ருக்கீங்க?" என்பதுதான். 40 என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் லேசாக இரக்கம் தெரியும். 100 என்றால் தலையாட்டுவார். 300 என்றால் பக்கத்து இலைக்காரரும் திரும்பிப் பார்ப்பார். அந்த 300 போட்ட வீட்டிலிருந்துதான் "என்னமோ தெரியல, சுத்திக்கிட்டே இருக்கு" என்ற புலம்பலும் வருகிறது.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று டெல்டாவில் சின்ன ஊர்களுக்கும் ஃபைபர் என்ற கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டது. கேபிள் டிவி இழுத்துக் கொடுத்த அதே அண்ணன்தான் பல ஊர்களில் ஃபைபரும் இழுத்துக் கொடுக்கிறார். வந்ததில் குறையில்லை. எவ்வளவு வாங்குவது என்பதில்தான் குழப்பம். நெட் மெதுவானால் உடனே அடுத்த பெரிய திட்டத்துக்குத் தாவுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் உள்ள சாதாரண வீட்டுக்கு 50 முதல் 100 எம்பிபிஎஸ் தாராளம். அதற்கு மேல் கட்டும் பணத்தில் பெரும்பகுதி, வைஃபை கொடுக்கும் பெட்டியான ரவுட்டரைத் தாண்டுவதே இல்லை. இது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கன அடிக் கணக்கு

மேட்டூர் அணை திறந்தால் எல்லோர் வாயிலும் வரும் எண், வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்பது. எம்பிபிஎஸ்ஸும் அந்த வகைக் கணக்குதான். ஒரு வினாடியில் எத்தனை மெகாபிட் உங்கள் வீட்டுக்குள் வரலாம் என்பதற்கான உச்ச வரம்பு அது. பிட் என்பது தகவலின் மிகச் சிறிய அலகு, ஒரு சுழி அல்லது ஒரு ஒன்று. மெகா என்றால் பத்து லட்சம். ஆக, 100 எம்பிபிஎஸ் என்றால் வினாடிக்குப் பத்துக் கோடி பிட் வரை வரலாம்.

இங்கேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃபோனில் நாம் பார்க்கும் கோப்பின் அளவு, எம்பி, ஜிபி எல்லாம், பைட்டில் இருக்கும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் வினாடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். "நூறுன்னு சொல்லிட்டுப் பன்னெண்டுதான் காட்டுது, ஏமாத்துறான்" என்று கேபிள் அண்ணனிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் எட்டால் வகுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கன அடி ஒப்பீடு ஒரு இடத்தில் உதவாது. ஆற்றில் தண்ணீரைக் கூட்டித் திறந்தால் ஓட்டமும் கூடும். கண்ணாடி இழையில் அப்படிக் கிடையாது. அதற்குள் ஓடுவது ஒளி. அது வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 400 ரூபாய்த் திட்டத்திலும் அதே 2 லட்சம், 4,000 ரூபாய்த் திட்டத்திலும் அதே 2 லட்சம். நீங்கள் கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு அதே நேரத்தில் கூடுதல் பிட்டுகளை உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். ஒரு பிட்டின் ஓட்டம்கூட அதனால் வேகமாகாது.

ஒரு வீடு எவ்வளவு குடிக்கும்?

எத்தனை வேலி நிலம், என்ன பயிர் என்று தெரியாமல் தண்ணீர் கேட்க முடியாது. வீட்டுக்கும் அதே கணக்கைப் போடுவோம். 1080பி, அதாவது முழு எச்டி தரத்தில் படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ். 4கே தரத்துக்கு 15. யூடியூப் கொஞ்சம் தாராளமாக 4கேக்கு 20 என்கிறது. ஜூமில் எச்டி படத்தோடு வகுப்போ மீட்டிங்கோ நடந்தால் 4க்குள் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் பேசினால் அது ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

சாயங்காலம் ஏழரை மணி. கூடத்து டிவியில் 4கேயில் ஏதோ ஓடுகிறது: 20. இரண்டு பேர் ஃபோனில் ஆளுக்கொரு எச்டி வீடியோ: 10. மாடியில் பிள்ளைக்கு ஆன்லைன் டியூஷன்: 4. வாசல் கேமரா படத்தை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது: இன்னொரு 4. மொத்தம் 38. இதற்கு மேல் ஒரு வீட்டில் என்ன நடந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையில் இந்த 38 கூட எந்நேரமும் ஓடாது. வீடியோ என்பது சில வினாடிக்கான துண்டை ஒரே மூச்சில் இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு சும்மா இருக்கும், தீரும்போது அடுத்த துண்டை இழுக்கும். இழுத்து வைத்த அந்தக் கையிருப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். கையிருப்பு காலியானால் திரையில் வட்டம் சுற்றும்.

அரசாங்கத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருக்கிறது. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள நம் நாட்டில் குறைந்தபட்சம் இருக்க வேண்டியது 2004ல் 256 கேபிபிஎஸ், 2013ல் 512 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால் ஒரு எம்பிபிஎஸ்). 2023 ஜனவரியில்தான் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். 2 எம்பிபிஎஸ் ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் டான்ஃபினெட் திட்டத்தில் ஊராட்சி ஒன்றுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 1 ஜிபிபிஎஸ், அதாவது 1,000 எம்பிபிஎஸ். ஒரு ஊராட்சிக்கு எடுத்து வைத்த அளவைத்தான் தனியார் விளம்பரம் ஒரே வீட்டுக்கு விற்கப் பார்க்கிறது.

அளவில்லாத் திட்டம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம். 15 எம்பிபிஎஸ் கணக்கில் 4கே படம் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜிபி இழுக்கும். தினமும் பதினாறு மணி நேரம் இடைவிடாமல் பார்த்தால்தான் மாதக் கடைசியில் அந்த வரம்பை எட்டலாம்.

இதுவரை பார்த்ததில் இரண்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு எவ்வளவு வரலாம் என்ற வரம்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் சாதாரண வீடு 40ஐ ஒட்டித்தான் நிற்கும். அப்படியானால் 300 போட்டும் ஏன் சுற்றுகிறது?

ஜூன் 12ல் திறந்தது எப்போது வந்து சேரும்?

மேட்டூரில் ஜூன் 12ல் திறந்தால் கல்லணைக்கு வந்து அங்கே மதகு தூக்க மூன்று நாலு நாள் ஆகும். அங்கிருந்து வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனையோ நாள். எத்தனை கன அடி என்பது ஒரு கேள்வி, எப்போது வரும் என்பது வேறு கேள்வி. இணையத்திலும் இந்த இரண்டாவது கேள்வி உண்டு. நீங்கள் ஒன்றைத் தொட்டதும் அந்தக் கேள்வி சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர ஆகும் நேரத்துக்குத் தாமதம் என்று பெயர். ஸ்பீடு டெஸ்ட்டில் பிங் என்று காட்டுவது இதைத்தான். மில்லிசெகண்டில், அதாவது வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சொல்வார்கள்.

தாமதத்தின் பெரும்பங்கு தூரத்தால் வருகிறது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு 340 கிலோமீட்டர் என்று வையுங்கள். ஒளி போய்வர மூன்றரை மில்லிசெகண்ட்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் கேபிள் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிசெகண்ட். மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் இருந்துகொண்டு சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தேவை இரண்டு மூன்று எம்பிபிஎஸ்தான். அது சீராக, தடங்கல் இல்லாமல் வர வேண்டும். அந்த 32ஐ 31 ஆக்க எந்தத் திட்டத்தாலும் முடியாது.

இணையப் பக்கம் திறப்பதும் இப்படித்தான். ஒரு பக்கத்தைத் தொட்டவுடன் அது கொட்டிவிடாது. முதலில் முகவரி எங்கே என்று ஒரு கேள்வி, பிறகு "இருக்கிறாயா?" என்று ஒரு அழைப்பு, பிறகு பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகுதான் பக்கம். ஒவ்வொன்றும் ஒரு போய்வருதல். 2010ல் கூகுளில் பொறியாளராக இருந்த மைக் பெல்ஷி இதை அளந்து பார்த்தார். 1 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 2க்குப் போனபோது பக்கங்கள் திறக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. 5லிருந்து 10க்குப் போனபோது கிடைத்த ஆதாயம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். தாமதத்தைக் குறைத்தபோது மட்டும் ஒவ்வொரு படியிலும் நேரம் சீராக இறங்கிக்கொண்டே வந்தது. அன்றைக்கு விட இன்றைய பக்கங்கள் பெருத்துவிட்டதால் அந்த 5 எம்பிபிஎஸ் என்ற எல்லை இப்போது இன்னும் மேலே தள்ளிப்போயிருக்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் எம்பிபிஎஸ் கூட்டிப் பயனில்லை என்ற விஷயம் அப்படியே இருக்கிறது.

தாமதம் தூரத்தால் மட்டும் வருவதில்லை, தேக்கத்தாலும் வரும். வீட்டில் ஒருவர் கல்யாண ஃபோட்டோக்கள் முழுவதையும் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்ற ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். வெளியே போகும் வழி நிரம்பிவிடும். ரவுட்டர் மிச்சத்தைத் தன்னிடம் வரிசைகட்டித் தேக்கி வைக்கும். அந்த நேரம் பார்த்து நீங்கள் "ஹலோ" என்று சொன்னால், அந்தச் சின்ன ஹலோ ஆயிரம் ஃபோட்டோத் துண்டுகளுக்குப் பின்னால் நின்றுதான் வெளியே போக வேண்டும். இந்தத் தேக்கத்துக்கு பஃபர்பிளோட் என்று பெயர். இதைச் சமாளிக்கும் வசதி சில ரவுட்டர்களில் உண்டு, இணைப்போடு இலவசமாக வரும் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. அது இல்லாதவர்களுக்கு எளிய வழி, ஃபோட்டோ ஏற்றுவதை ராத்திரிக்குத் தள்ளிவைப்பதுதான்.

தெருமுனைப் பெட்டியும் முறைப்பாசனமும்

உங்கள் வீட்டுக்கு வரும் இழை கேபிள் அலுவலகத்திலிருந்து தனியாக வருவதில்லை. ஒரு இழை தெரு வரை வந்து, கம்பத்தில் தொங்கும் ஒரு பெட்டிக்குள் பலவாகப் பிரிகிறது. பிரிக்கும் அந்தச் சாதனம் ஸ்பிளிட்டர். அதற்கு மின்சாரம் தேவையில்லை, ஒளியைக் கிளை கிளையாகப் பிரித்துவிடும், அவ்வளவுதான். நம் ஊரில் பரவலாக இருக்கும் ஜிபான் என்ற முறையில் அந்த ஒரு இழையில் கீழே வீடுகளுக்கு வருவது (டவுன்லோடு) மொத்தம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், வீடுகளிலிருந்து மேலே போவது (அப்லோடு) அதில் பாதி. அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும்.

வீட்டிலிருந்து மேலே அனுப்பும்போது நடப்பது அச்சு அசல் முறைப்பாசனம். எல்லா வீடும் ஒரே நேரத்தில் ஒளி விட்டால் இழையில் மோதிக் குழம்பிவிடும். அதனால் அலுவலகத்துக் கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து, "இப்போது நீ, அடுத்து நீ" என்று மிக நுண்ணிய நேரத் துண்டுகளைப் பங்கு போடும். நம் முறைப்பாசனத்தில் நாள் கணக்கு, இங்கே வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

பகிர்வு என்றதும் பதற வேண்டாம். 64 வீடும் ஒரே நொடியில் முழு மடையைத் திறந்தால்கூட ஆளுக்கு 39 எம்பிபிஎஸ் வரும், முன்பு போட்ட 38 எம்பிபிஎஸ் கணக்குக்கு அதுவே போதும். அப்படி எல்லோரும் ஒரே நொடியில் திறப்பதும் கிடையாது. ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் நெட் படுத்துவிடுகிறது என்றால் சந்தேகம் தெருமுனைப் பெட்டியைத் தாண்டிப் போக வேண்டும். கேபிள் நிறுவனம் தனக்கு மேலே இருப்பவரிடம் போதிய அளவு வாங்காமல் ஊருக்கெல்லாம் 300 விற்றிருக்கும். அங்கே வரத்தே இல்லாதபோது உங்கள் மடையை அகலப்படுத்தி என்ன ஆகப்போகிறது?

ஒரு சின்ன எச்சரிக்கை. ஏர்ஃபைபர் என்ற பெயரில் வருவது, பெயரில் ஃபைபர் இருந்தாலும், மாடியில் ஒரு பெட்டி வைத்து 5ஜி டவரிலிருந்து காற்று வழியாக இழுப்பது. இழை வராத ஊருக்கு நல்ல மாற்று. அதன் குணம் ஃபோன் டேட்டாவின் குணம்.

கடைமடை வீட்டுக்குள் இருக்கிறது

பாபநாசம் பக்கத்தில் ஒரு மாமா. பையன் சிங்கப்பூரில். போன வருடம் 300க்கு மாறினார்.

"மாப்ள, முந்நூறு போட்டா பய முகம் நின்னு நின்னு வராதுன்னாங்க. இப்பவும் பாதி வார்த்தய முழுங்குதே."

"எங்க உக்காந்து பேசுறீங்க மாமா?"

"கொல்லக் கட்டுலதான். அங்கதானே காத்து வரும்."

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், அடுக்களை, அதற்குப் பின்னால் கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள். கேபிள் போட வந்த பையன் வாசலுக்குப் பக்கத்திலேயே, மீட்டர் பெட்டிக்கு மேலே, ஆணி அடித்து ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டான். அவனுக்குக் கேபிள் மிச்சம், நேரம் மிச்சம். மாமா வீட்டில் ஃபோனை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தோம். ரேழியில் முந்நூறை ஒட்டி வந்த எண் கூடத்தில் பாதிக்கும் கீழே போனது. அடுக்களையில் இன்னும் சரிந்தது. கொல்லைக் கட்டில் ஒற்றை இலக்கம், அதுவும் நிலையாக நிற்கவில்லை. மேட்டூரில் 120 அடி நிரம்பி வழிந்தாலும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்காரனுக்கு என்ன கிடைக்கும்?

வைஃபை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இதைச் சரிசெய்வது எளிது. ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு ஊடுருவும், ஆனால் கொண்டுபோகும் அளவு குறைவு. தெருவில் எல்லோருடைய ரவுட்டரும் அதில்தான் கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும். ஒன்றை ஒன்று இடிக்காத சேனல்கள், அதாவது உட்பிரிவுகள், அதில் மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸ் நிறையக் கொண்டுபோகும், ஆனால் இரண்டு தடித்த சுவருக்கு மேல் தாக்குப்பிடிக்காது. இரண்டிலும் பேசும் ரவுட்டரைக் கடையில் டூயல் பேண்ட் என்பார்கள். பழைய, 2.4 மட்டும் உள்ள ரவுட்டரில் 300 திட்டம் போட்டால், நல்ல இடத்தில் வைத்தாலும் ஃபோனுக்கு வருவது பெரும்பாலும் நூறுக்குள்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிக்னல் பலவீனமாக இருக்கும் ஃபோனோடு ரவுட்டர் மிக மெதுவாகத்தான் பேசும். அதே ஒரு எம்பியைக் கொடுக்க அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். அதுவரை கூடத்தில் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் காத்திருக்க வேண்டும். கொல்லையில் மாமா வீடியோ பார்த்தால் கூடத்தில் மாமிக்குச் சீரியல் நிற்பது இதனால்தான். மாமி மாமாவைத் திட்டுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

ரவுட்டரை இரும்பு பீரோ மேலே வைப்பது, டிவிக்குப் பின்னால் ஒளிப்பது, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பது எல்லாம் நாமாகவே வாய்க்காலை அடைக்கிற வேலை. இரும்பு அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். வீட்டின் நடுவில், கூடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். போட வரும்போதே "தம்பி, இன்னும் பத்து மீட்டர் உள்ள இழுத்துக் கொடுப்பா" என்று கேட்டு வாங்குங்கள். இழையை மடக்கி ஆணி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூர்மையாக மடங்கும் இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

நீள வீட்டுக்கு நான் எப்போதும் சொல்வது ஒரே வழிதான். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைச் சுவரோரமாகப் பின்கட்டு வரை இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது அந்தக் கேபிளில் வருவதை அங்கே வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாக வைப்பது. வீட்டு ஒயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியனே இழுத்துவிடுவார். கேட்5இ ரகக் கேபிள் நூறு மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். கடையில் ரிப்பீட்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது காற்றில் வாங்கி, அதே காற்றில் திருப்பி விடுவதால் பாதி போய்விடும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் வாங்கலாம்.

எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பதும் லேசு. லேப்டாப்பை லேன் கேபிளில் சொருகி ஒரு ஸ்பீடு டெஸ்ட், ரவுட்டர் பக்கத்தில் ஃபோனில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. முதலாவது சரியாக இருந்து மூன்றாவது விழுந்தால் குற்றம் உங்கள் சுவர். முதலாவதே விழுந்தால் கேபிள் அண்ணனைக் கூப்பிடலாம். லேன் கேபிளில் 95க்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நின்றால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். பல பெட்டிகளில் ஒரு துளைதான் 1 ஜிபிபிஎஸ், மற்றவை 100. துளையை மாற்றிச் சொருகிவிட்டு மறுபடி பாருங்கள். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளையும் 100தான். 4கேக்கு அதுவே மிச்சம்.

ஆக, வாசல் வரை வருவது வேறு, கைக்கு வருவது வேறு. தாமதமும் வைஃபையும்தான் பெரும்பாலான வீடுகளில் நெட்டை இழுக்க வைக்கின்றன. இரண்டும் திட்டத்தின் எண்ணோடு பெரும்பாலும் சம்பந்தமில்லாதவை.

"பெருசு போட்டதும் சரியாயிடுச்சே"

இப்படிச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய திட்டத்துக்கு மாறும்போது பல நிறுவனங்கள் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு புதிய டூயல் பேண்ட் பெட்டி கொடுக்கின்றன. சரிசெய்தது அந்தப் பெட்டி, பெயர் வாங்கியது 300. இன்னொரு காரணமும் உண்டு. மேலே சொன்ன தேக்கம் பெரிய வழியில் சீக்கிரம் வடியும். அதனால் ஃபோட்டோ ஏறும்போது பேச்சு அறுபடுவது குறையும். அந்த அளவுக்குப் பயன் இருப்பது உண்மைதான்.

ஆனால் விலையைப் பாருங்கள். 30, 40 எம்பிபிஎஸ் திட்டம் மாதம் 400, 500 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. 300க்கு 1,500 ஆகிவிடும். இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வித்தியாசம் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நல்ல டூயல் பேண்ட் ரவுட்டரும் ஒரு சுருள் லேன் கேபிளும் அந்தப் பணத்தில் சின்னப் பங்கில், அதுவும் ஒரே ஒரு தடவைச் செலவில் முடிந்துவிடும்.

யாருக்கு உண்மையிலேயே வேண்டும்?

பெரிய கோப்புகளோடு பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு. கும்பகோணத்தில் முகூர்த்த நாளைக்கு மூன்று கல்யாணம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒரு கல்யாணத்தின் 100 ஜிபி வீடியோவைச் சென்னை எடிட்டருக்கு அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். மேலே போகும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் பதினோரு மணி நேரத்துக்கு மேல். 100 என்றால் இரண்டே கால் மணி நேரத்தில் முடியும். 300 என்றால் முக்கால் மணி நேரம். அவருக்கு அந்த 1,500 ரூபாய் செலவே இல்லை, தொழில் கருவி. ஆனால் அவர் பார்க்க வேண்டியது கீழே வரும் எண்ணை விட மேலே போகும் எண்ணை. அது இரண்டும் ஒன்றாக இருக்கும் திட்டமா என்று கேட்டு வாங்க வேண்டும். விளம்பரத்தில் அந்த இரண்டாவது எண்ணைப் பெரிதாகப் போடமாட்டார்கள்.

80 ஜிபி கேமை இறக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் 50 எம்பிபிஎஸ்ஸில் மூன்றரை மணி நேரம், 300ல் முப்பத்தைந்து நிமிடம். காத்திருக்க முடியுமா என்பது குடும்ப விவகாரம், நான் தலையிடவில்லை. இறக்கிய பிறகு கேம் ஆடுவதற்கு எம்பிபிஎஸ் மிகக் குறைவாகவே போதும். அங்கே ஜெயிப்பதும் தோற்பதும் பிங்கில்தான். பெங்களூரு கம்பெனி வேலையைத் திருவாரூரிலிருந்து பார்க்கும் பெரும்பாலானவர்களுக்கு 100 போதும். கூடவே, ஒரு இணைப்பு போனால் ஓட இன்னொரு சின்ன இணைப்பு இருப்பது 1 ஜிபிபிஎஸ்ஸை விடப் புத்திசாலித்தனம்.

புயல், அணில், பவர் கட்

டெல்டாவில் ஃபைபர் பெரும்பாலும் மண்ணுக்குள் போவதில்லை. ஈபி கம்பத்திலும் தென்னை மரத்திலும் தொங்கிக்கொண்டு வருகிறது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அதில் தொங்கிய கம்பிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. புயல் இல்லாத நாளிலும் ஒரு மட்டை விழுந்தால் போதும். அணில் கடித்தால் போதும். பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால், வரும் ஒளி எங்கோ அறுந்துவிட்டது என்று அர்த்தம். ரவுட்டரை ஆயிரம் தடவை அணைத்துப் போட்டாலும் வராது, ஆள்தான் வர வேண்டும்.

அதனால் இணைப்பு வாங்கும் முன் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டியது, "சிவப்பு லைட் எரிஞ்சா எத்தனை நாள்ல ஆள் அனுப்புறாங்க?" என்பதுதான். சொந்த ஊர்க்காரர் நடத்தும் 50 எம்பிபிஎஸ் இணைப்பு அன்றைக்கே சரியாகும் என்றால், மூன்று நாள் கழித்து டிக்கெட் நம்பர் கேட்கும் 300ஐ விட்டுவிட்டு நான் அதைத்தான் எடுப்பேன்.

கரண்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. பெட்டி ஓட 12 வோல்ட் போதும். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சொருகலாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். தெருமுனை ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம் என்பதால், உங்கள் பெட்டியும் கேபிள் அலுவலகத்துக் கருவியும் உயிரோடு இருந்தால் ஊரே இருட்டானாலும் நெட் ஓடும். உங்கள் பெட்டி எரிந்தும் நெட் இல்லையென்றால் பெரும்பாலும் அவர் பக்கத்து பேட்டரி இறங்கியிருக்கும். எத்தனை மணி நேர பேக்கப் வைத்திருக்கிறார் என்பதையும், ஐப்பசி மழைக்கு முன்பே, அந்த அண்ணனிடம் கேட்டுவிடுங்கள்.